அந்தமான் வெளிச்சம்: சில குறிப்புகள்

மார்கழி நெருங்கினால் மண்ணூர்பேட்டையில் என்னைத் தேடி ஒரு கேள்வி வந்துவிடும். “அந்தமான் போறோம், ஃபோட்டோ எடுக்க எந்த இடம் நல்லா இருக்கும்?” கேட்பவர்கள் பெரும்பாலும் ஆவடி எச்.வி.எஃப்., ஓ.சி.எஃப். என்று மத்திய அரசு வேலையில் இருப்பவர்கள், அல்லது அவர்களுடைய சொந்தக்காரர்கள். எல்.டி.சி. என்கிற விடுப்புப் பயணத் திட்டத்தில் சொந்த ஊருக்குப் போவதற்குப் பதிலாக அந்தமானுக்கு விமானத்தில் போய்வர அரசு சலுகை கொடுத்திருக்கிறது. அதனால் ராமேஸ்வரத்தை விட்டுவிட்டால், எங்கள் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் குடும்பங்கள் கண்ணால் கண்ட தீவு பெரும்பாலும் அந்தமான்தான். திருமங்கலத்தில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, விமான நிலையம் போய்விட்டால் அதற்கப்புறம் இரண்டு மணி நேரச் சொச்சம். கப்பலில் என்றால் ஏறக்குறைய மூன்று நாள்.

எல்லோருக்கும் தெருவில் நின்றபடி பதில் சொல்லி முடிவதில்லை. நோட்டில் அவ்வப்போது எழுதி வைத்ததை இங்கே தருகிறேன். வரிசை எதுவும் இல்லை.

*

இடத்தைக் கேட்கும் முன் மணியைக் கேளுங்கள்.

இந்தியா முழுக்க ஒரே கடிகாரம். அது 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. சென்னை அந்தக் கோட்டுக்குச் சற்று மேற்கே இருக்கிறது, போர்ட் பிளேர் பத்து டிகிரி கிழக்கே. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால், நம்மைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னால் அங்கே பொழுது விடிகிறது, அதே அளவு முன்னால் சாய்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிவாக்கில் சூரியன் கடலில் இறங்கிவிடும். மே மாதத்தில் காலை ஐந்து மணிக்கெல்லாம் எழுந்து நிற்கும்.

டூர்க்காரர்கள் தரும் அட்டவணையில் “மாலை: ராதாநகர் கடற்கரை” என்று இருக்கும். சென்னைப் பழக்கத்தில் சாப்பிட்டுப் படுத்து, டீ குடித்துவிட்டு நாலேமுக்காலுக்குக் கிளம்பினால், மணலில் கால் வைக்கும்போது சூரியன் இருக்காது. மூன்று மணிக்கே அங்கே இருக்க வேண்டும். ராதாநகர், ஹேவ்லாக் தீவில் மேற்கே பார்த்த கடற்கரை. 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று அதைச் சொன்னதிலிருந்து கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. படிக்கட்டில் இறங்கியதும் எல்லோரும் நிற்கும் இடத்தில் நிற்காமல், வலது பக்கமோ இடது பக்கமோ பத்து நிமிடம் நடந்தால் போதும். காட்டு மரங்கள் மணலின் மேல் சாய்ந்து நிற்கும் இடங்கள் வரும். சூரியனைப் படத்தின் நடுவில் வைப்பதைவிட, அந்த மரங்களின் அடிப்பகுதியில் சாய்வாக விழும் வெளிச்சத்தை எடுங்கள். பதினைந்து நிமிடம்தான் அது கிடைக்கும்.

விடியலுக்கு அதே ஹேவ்லாக்கின் கிழக்குக் கரை, விஜயநகரும் காலாபத்தரும். காலாபத்தரில் கறுப்புப் பாறைகள் இருக்கின்றன. கறுப்பின் மேல் முதல் வெயில் படும்போது கேமராவுக்கு நல்ல வேலை கிடைக்கும்.

*

படம் பிடிப்பவர்கள் எல்லோரும் ஒரு மந்திரம் ஓதுவார்கள்: அதிகாலை, அந்தி, இரண்டு வேளைதான் படம். நம் ஊர் கோயில் கோபுரத்துக்கு அது சரி. தீவில் நீலப்பச்சைத் தண்ணீர் வேண்டும் என்றால் பொருந்தாது. அந்த நிறம் வருவதற்குச் சூரியன் தலைக்கு மேல் இருக்க வேண்டும். வெயில் நேராகத் தண்ணீருக்குள் இறங்கி, அடியில் இருக்கும் வெள்ளைப் பவள மணலில் பட்டுத் திரும்பி வருகிறது. போகும்போதும் வரும்போதும் தண்ணீர் சிவப்பை விழுங்கிவிட, மிச்சம் வருவதுதான் அந்தப் பச்சை கலந்த நீலம். சாய்ந்த வெயிலில் தண்ணீர் மேல்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்கும், உள்ளே எதுவும் தெரியாது. காலை பத்திலிருந்து மதியம் ஒன்று வரைக்கும் படகிலோ மேட்டிலோ இருங்கள். ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் பீச், போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள நார்த் பே இரண்டுக்கும் அதுதான் வேளை.

போலரைசர் ஃபில்டர் வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வானத்தின் நீலத்தைக் கூட்ட, சூரியனுக்கு நேர்குறுக்காக நின்று எடுக்கும்போதுதான் அது முழுதாக வேலை செய்யும். சூரியனைப் பார்த்தோ, சூரியனுக்கு முதுகு காட்டியோ நின்றுகொண்டு எவ்வளவு திருகினாலும் வானத்தில் பயன் தெரியாது. செல்ஃபோனில் எடுப்பவர்கள் நல்ல குளிர்க்கண்ணாடி ஒன்றை லென்ஸுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போலரைஸ்டு வகை என்றால் வித்தியாசம் தெரியும்.

*

எங்கள் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் பின்னணித் திரை ஒன்று தொங்குகிறது. நீலத் தண்ணீர், தண்ணீர் மேல் ஓலைக் குடிசைகள், பின்னால் பச்சை மலை. அது பசிபிக்கின் பொரா பொரா. மலையின் பெயர் ஒட்டெமானு, 727 மீட்டர். அந்தத் திரையை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தமான் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். குறை அந்தமானில் இல்லை. இரண்டும் பிறந்த விதமே வேறு.

பொரா பொரா ஓர் எரிமலை. அது மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ, அதைச் சுற்றிப் பவளம் மேலே வளர்ந்துகொண்டே வந்தது. நடுவில் மலை, சுற்றிலும் ஆழமில்லாத தண்ணீர், வெளியே பவள வளையம். மலை முழுக்க மூழ்கிவிட்டால் வளையம் மட்டும் மிஞ்சும். இதை 1842இல் டார்வின் எழுதிவிட்டார். அந்தமானோ பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, அதன் உச்சிகள் மட்டும் வெளியே நிற்கிற இடம். அங்கே வளையம் கிடையாது. பவளம் பெரும்பாலும் கரையை ஒட்டியே விளிம்பாக ஓடுகிறது. ஆகவே உயரத்திலிருந்து எடுக்கும் வட்டப் படத்தைத் தேடி அலைய வேண்டாம். அந்தமான் தருவது வேறு: பெரிய மரங்கள் அலை தொடும் தூரம்வரை வந்து நிற்கும் கோடு. காடும் கடலும் அப்படி ஒட்டி நிற்பதை நம் சோழமண்டலக் கரையில் பார்க்க முடியாது.

வளையத் தீவு பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே லட்சத்தீவு இருக்கிறது. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

*

பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டு வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். அதன் பின்பக்கத்தில் தென்னை மரங்களும் கடலும் தூரத்துக் கலங்கரை விளக்கமும் இருக்கும். போர்ட் பிளேருக்கு எதிரே மவுன்ட் ஹேரியட் ஏறும் வழியிலிருந்து நார்த் பே பக்கம் பார்த்தால் தெரிகிற காட்சி அது. நாடெங்கும் மளிகைக் கடைக் கல்லாக்களில் புழங்கிய ஒரே தீவுப் படம் அதுவாகத்தான் இருக்கும். அந்த மலைக்கு 2021இல் மவுன்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றினார்கள். 1891இல் ஆங்கிலேயரோடு நடந்த போருக்குப் பின் மணிப்பூரிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களை அங்கேதான் வைத்திருந்தார்கள்.

நோட்டைக் கையில் பிடித்து அதே கோணம் தேடி எடுப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. காலையில் போனால் வெயில் நமக்குப் பின்னால் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த மேட்டிலிருந்து பார்க்கும்போது கடல் கீழே கிழக்கு, தெற்குப் பக்கங்களில் கிடக்கிறது. அதனால் மதியத்துக்குப் பிறகுதான் தெளிவாக வரும்.

*

பெயர்கள் குழப்பும். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப், ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப் பெயர், பேச்சில் பழைய பெயர். இரண்டையும் தெரிந்துகொண்டு போங்கள்.

*

நீல் தீவின் இயற்கைப் பாறைப் பாலத்தை எடுக்கப் போகிறவர்கள் கடலின் ஏற்ற இறக்கக் கணக்கைப் பார்க்காமல் போகக் கூடாது. தண்ணீர் வற்றியிருக்கும்போதுதான் பாறைகள்மேல் நடந்து அதன் அடியில் போய் நிற்கலாம். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இன்று எட்டு மணிக்கு வற்றினால் நாளை எட்டே முக்காலைத் தாண்டித்தான் வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். நாட்காட்டியில் திதி பார்க்கத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால், பயணத் தேதியை முடிவு செய்யும் முன் அவரிடம் கேளுங்கள். அமாவாசை நாட்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. நிலவில்லாத இரவில், அதிர்ஷ்டம் இருந்தால், கரையோரத் தண்ணீரைக் கையால் கலக்கும்போது நீலமாக மின்னும். அந்த ஒளி நுண்ணுயிர்களுடையது. செல்ஃபோனில் அது சரியாக விழாது. ட்ரைபாட் வேண்டும், லென்ஸ் அரை நிமிடமாவது திறந்திருக்க வேண்டும். இல்லாதவர்கள் கண்ணால் பார்த்துவிட்டு வருவதே நல்லது.

வற்றிய நேரத்தில் பாறைக் குட்டைகளில் உயிருள்ள பவளம் இருக்கும். அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பல பவள இனங்கள் வருடத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் வளரும். 2010இலும் 2016இலும் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்துப் போயின. பிழைத்தவற்றை நம் செருப்பு முடிக்கக் கூடாது. செத்த பவளத்தைக்கூட எடுத்து வரக் கூடாது என்பது சட்டம். விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள்.

*

செல்லுலார் சிறை. 1906இல் கட்டி முடித்தது. ஏழு கைகள் விரித்த கட்டடம், இன்று மூன்று மட்டும் நிற்கின்றன. ஒரு வரிசையின் முகம் அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் எங்கே நின்று எடுப்பது என்பது தானாகவே தெரியும். மேல் மாடி நடையில் ஒரு கோடியில் நில்லுங்கள். கதவுக் கம்பிகளின் நிழல் வரிசையாகத் தரையில் விழும். ஆள் யாரும் இல்லாத நொடிக்குக் காத்திருங்கள், வரும். பிறகு நடுக் கோபுரத்து உச்சிக்குப் போனால் ராஸ் தீவும் கடலும் தெரியும். அறைக்குள் இருந்தவனுக்கு அந்தக் கடல் தெரிந்திருக்காது.

இந்தச் சிறையைப் பற்றி 1996இல் வந்த ‘சிறைச்சாலை’ படத்தைப் போகும் முன் ஒருமுறை பாருங்கள். சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு, தேசிய விருது பெற்றது. வெளிச்சத்தை ஒரே பக்கத்திலிருந்து உள்ளே விட்டு, மற்ற பக்கத்தை இருட்டிலேயே வைக்கும் துணிவை அதில் கற்கலாம். நம் ஃபோன்கள் இருட்டைக் கண்டால் தாமாகவே வெளுத்துக் காட்டிவிடும். திரையில் விரலை வைத்துக் கீழே இழுத்து ஒளியைக் குறையுங்கள். அந்தக் கட்டடத்தை வெளுப்பாகக் காட்டுவது பொய்.

தூக்கு மேடை அறையில் சிரித்துக்கொண்டு கயிற்றுக்குக் கீழே நின்று படம் எடுக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்தால் தடுங்கள்.

*

ராஸ் தீவு. பிரிட்டிஷ்காரர்களின் தலைமையிடமாக இருந்து, 1941 நிலநடுக்கத்துக்குப் பின் கைவிடப்பட்டு, 1942இல் ஜப்பானியர் கையில் விழுந்த இடம். தேவாலயம், குடியிருப்பு, எல்லாச் சுவர்களையும் ஆல் இனத்து வேர்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. மேகம் மூடிய நாள் கிடைத்தால் இதற்குச் செலவழியுங்கள். வெயில் நாளில் இலை இடுக்கு வழியே விழும் பொட்டுப் பொட்டான ஒளி வேர்களின் வடிவத்தைக் குழப்பிவிடும். மான்களுக்குத் தின்பண்டம் நீட்டிப் பக்கத்தில் அழைக்காமல், அவை போகும் வழியில் பொறுமையாக உட்காருங்கள்.

*

இது எனக்கு முக்கியமான குறிப்பு.

நம் நிறம் கறுப்பு, மாநிறம். வெள்ளை மணல், வெளுத்த வானம். இந்த இரண்டுக்கும் நடுவே நம் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் நிறுத்தி எடுத்தால் கேமரா மணலை அளந்துகொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். உடனே எல்லோரும் ‘பியூட்டி’ பொத்தானை அழுத்துகிறார்கள். முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிறது. அம்மாவின் மூக்குத்தி இருந்த இடம்கூடத் தெரியாமல் போன ஒரு குடும்பப் படத்தை எங்கள் தெருவில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. பொத்தானை அணையுங்கள். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அங்கே அளக்கச் சொல்லுங்கள். நடு மதியத்தில் ஆட்களை எடுக்காமல், மர நிழலின் விளிம்பில், முகம் கடலைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் ஏறும், கண்ணுக்குக் கீழே நிழல் விழாது. கறுப்புத் தோலில் அந்த ஒளி விழுகிற அழகுக்கு ஈடு கிடையாது. சேலையோ சட்டையோ வெள்ளை வேண்டாம். மஞ்சள், அரக்கு, அடர்பச்சை, எல்லாம் அந்தக் கடலுக்கு முன் எடுப்பாக நிற்கும்.

*

போவதற்கு முன் பழக ஓர் இடம் வேண்டுமே என்று கேட்கிறார்கள். மண்ணூர்பேட்டையிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் கொரட்டூர் ஏரி. கரைமேல் விடியலில் நில்லுங்கள். கூழைக்கடா, நாரை, தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து வரும் நாட்கள் உண்டு. தொடுவானத்தை நேராக வைக்கப் பழகுவதற்கு இதைவிட வசதி கிடையாது. தீவுப் படங்களில் பாதி கெடுவது கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிவதால்தான். தண்ணீரில் பிரதிபலிப்பு, பறக்கும் பறவை, எதிர் வெயில், எல்லாவற்றையும் இங்கேயே பழகிவிடலாம்.

பழகும்போது ஏரியின் இன்னொரு பக்கமும் படத்தில் விழும். கழிவுநீர் வந்து சேரும் இடம், நுரை, குப்பை. அதையும் எடுங்கள், தேதியோடு சேமியுங்கள். கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கத்தார் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போய்ப் போராடியவர்கள். ஏரி எப்படி இருந்தது, எப்படி ஆனது என்பதற்குத் தேதி போட்ட படங்கள் பேசும் அளவுக்கு வாய்ப்பேச்சு பேசாது.

*

அந்தமானில் தமிழ் கேட்கும். அபர்தீன் பஜாரின் மணிக்கூண்டைச் சுற்றிக் காலையில் நடந்தால் கடை வாசல்களில் நம் பேச்சு காதில் விழும். வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் நடக்கும். பயணிகள் கடற்கரைகளுக்கு ஓடுகிற அவசரத்தில் இந்தப் பஜாரைப் படம் எடுப்பதே இல்லை. இஞ்சி, மீன், பாக்கு, ஹிந்தியும் வங்காளமும் தமிழும் தெலுங்கும் கலந்த பலகைகள். தமிழில் நலம் விசாரித்துவிட்டு, “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். மறுப்பவர் குறைவு, மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இன்னும் தெற்கே நிக்கோபாரில் கச்சால் என்று ஒரு தீவு. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்ப வேண்டியிருந்த மலையகத் தமிழரில் சிலரை 1970களில் அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். 2000ஆம் ஆண்டின் முதல் சூரியனைப் பார்க்க வேண்டிய இடம் என்று அந்தத் தீவை அப்போது பெரிதாக விளம்பரப்படுத்தினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் அதுவும் ஒன்று. சுற்றுலாப் பயணிகள் சாதாரணமாகப் போகிற இடமில்லை. ஆனாலும், ‘அந்தமான் காதலி’ படம் வந்த காலத்திலிருந்து பாட்டும் கடலுமாக நாம் மனத்தில் மாட்டி வைத்திருக்கும் தீவுப் படத்தில் இந்த மனிதர்களுக்கும் இடம் வேண்டும்.

*

கேமராவைப் பைக்குள் வைக்க வேண்டிய சாலை ஒன்று உண்டு. ஜிர்க்காடாங்கிலிருந்து பாராடாங் போகும் அந்தமான் நெடுஞ்சாலை. அது ஜாரவாப் பழங்குடி மக்களின் காட்டை அறுத்துக்கொண்டு போகிறது. வண்டிகள் காவலோடு வரிசையாகத்தான் போக வேண்டும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எடுத்தால் சிறைவரை போகும் குற்றம். 2012 தொடக்கத்தில், பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்த வீடியோ வெளியாகி நாடு தலைகுனிந்தது.

அந்த மக்களை நோக்கிக் கேமரா திரும்பியது இன்று நேற்றல்ல. 1879இல் அங்கே அதிகாரியாக வந்த மாரிஸ் விடல் போர்ட்மன், அந்தமான் பழங்குடியினரை அளந்தும் நிறுத்தியும் எடுத்த படங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குத் தொகுத்து அனுப்பினார். 1880இல் வடக்கு சென்டினல் தீவிலிருந்து முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தவரும் அவரே. முதியவர்கள் இருவரும் நோய் கண்டு இறந்தார்கள். பிள்ளைகளைப் பரிசுப் பொருட்களோடு திருப்பி அனுப்பினார்கள். 2004 சுனாமிக்குப் பின் என்ன ஆனார்கள் என்று பார்க்கப் போன கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரை நோக்கி அதே தீவின் மனிதர் ஒருவர் வில்லை நாணேற்றி நிற்கும் படம் உலகமெங்கும் போனது. அவர் சொன்ன பதில் அந்தப் படத்தில் தெளிவாக இருக்கிறது.

பாராடாங்கில் சுண்ணாம்புக் குகை இருக்கிறது, சேற்று எரிமலை இருக்கிறது, சதுப்புநிலக் காட்டின் நடுவே படகுப் பயணம் இருக்கிறது. எல்லாம் தெரிந்தும் நான் யாருக்கும் அதைச் சிபாரிசு செய்வதில்லை. அந்தச் சாலையில் ஒரு வண்டி குறைந்தால் நல்லது.

*

ஹேவ்லாக்கில் ராஜன் என்று ஒரு யானை இருந்தது. தீவுகளுக்கு நடுவே மரம் இழுக்க நீந்தப் பழக்கப்பட்ட யானைகளில் கடைசியாக இருந்தது. 2002இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைத் தடுத்த பிறகு அந்த வேலையே இல்லாமல் போனது. தண்ணீருக்கடியில் அது நீந்தும் படங்கள் பத்திரிகைகளிலெல்லாம் வந்தன. 2016இல் இறந்தது. இப்போதும் போய் “நீந்தும் யானை எங்கே?” என்று கேட்கிறார்கள்.

*

ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ பிள்ளைகள் இருக்கும் பெற்றோர்கள் சிலர் பிஜிவரைக்கும் போய்வருகிறார்கள். அவர்களுக்காக நாலு வரி. நாடி நகரத்தின் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலை விட்டுவிடாதீர்கள். பசிபிக் நடுவே வண்ணம் தீட்டிய நம் கோபுரம். வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், சந்நிதிப் பக்கம் கூடாது. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் வளர்த்த கோயில். அந்தத் தோட்டங்களில் துன்பப்பட்ட பெண்களுக்காகத்தான் பாரதி பாடினார். கோயிலை வளர்த்தவர்களின் சங்கம் 1926இல் தொடங்கியது, பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. கரும்பு அறுவடைக் காலத்தில் குறுகிய தண்டவாளத்தில் கரும்பு ஏற்றிய சிறு ரயில்கள் வயல் நடுவே போகும், அது நல்ல படம். டவேயுனி தீவில் 180ஆவது தீர்க்கரேகை போகும் இடத்தில் பலகை வைத்திருக்கிறார்கள், ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம்.

பிஜிக்காரர்களின் கிராமத்துக்குள் நுழையும்போது தொப்பியையும் குளிர்க்கண்ணாடியையும் கழற்ற வேண்டும். ஊர்த் தலைவருக்கு யங்கோனா வேர் கொடுத்து அனுமதி கேட்ட பிறகுதான் நடமாட்டமும் படமும். இந்த முறையை நாம் அந்தமானின் மீனவர் குப்பங்களிலும் கைக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேர் வேண்டாம், முதலில் போய் வணக்கம் சொன்னால் போதும்.

*

மறுபடி அந்தமானுக்கு, சில்லறை விஷயங்கள். ஏ.சி. அறையிலிருந்து கேமராவை எடுத்த எடுப்பில் வெளியே நீட்டினால் லென்ஸ் முழுக்கப் பனி பிடிக்கும். பையை மூடியபடி அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள். கடல் உப்பை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கண்ணாடி கீறும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, பிறகு உலர்ந்த துணி. வெள்ளை மணல் சாம்பல் நிறமாக விழுந்தால் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். போர்ட் பிளேர் விமான நிலையம் கடற்படை வளாகத்தோடு சேர்ந்தது, அங்கே படம் வேண்டாம். ட்ரோன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் முட்டளவுத் தண்ணீரில்கூட நின்று போஸ் கொடுக்க வேண்டாம். 2010இல் ஹேவ்லாக்கிலேயே ஓர் உயிர் போயிருக்கிறது. மழை மே முதல் செப்டம்பர் வரை பலமாக இருக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி, தண்ணீர் தெளிவு. பள்ளி விடுமுறைக்காக டிசம்பரில் போகிறவர்கள் இரண்டு நாளை மழைக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

*

கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம். 2004 நிலநடுக்கத்தில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் இறங்கிவிட, அந்தக் கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. கொஞ்ச தூரத்தில் கலத்தியா விரிகுடா, உலகின் மிகப் பெரிய கடலாமையான தோணி ஆமை முட்டையிட வரும் மணல். அங்கே பெரிய சரக்குத் துறைமுகம், விமான நிலையம், நகரம் கட்ட 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். 130 சதுர கிலோமீட்டர் காடு இதில் போகிறது. என் கருத்தைக் கேட்டால், அந்தக் காட்டைத் தொடாமல் விடுவதே சரி. காட்டுயிர்ப் படக்காரர்களும் ஆய்வாளர்களும் அந்தக் கரையை இப்போதே விரிவாகப் பதிவு செய்து வைக்க வேண்டும்.

*

எடுத்த படங்களை ஃபோனிலேயே புதைத்துவிடாதீர்கள். திரும்பிவந்த வாரத்திலேயே பத்துப் படங்களைப் பொறுக்கி, பக்கத்து ஸ்டூடியோவில் காகிதத்தில் போட்டுக்கொள்ளுங்கள். உங்களைப் படகில் கூட்டிப்போனவர், மீன் வறுத்துக் கொடுத்த அக்கா, கடை வாசலில் நின்று சிரித்த பெரியவர், இவர்களை எடுத்திருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி போடுங்கள். படம் எடுக்கும்போதே விலாசம் கேட்டு எழுதிக்கொண்டால் தபாலில் அனுப்பலாம். ஹேவ்லாக்குக்கு அஞ்சல் குறியீடு 744211.